ஹாஷ் பிரவுன்: கல்லில் போடும் முன்பு கிழங்குக்குச் செய்ய வேண்டியவை

ஹாஷ் பிரவுனுக்குச் சேர்மானம் மூன்றுதான்: உருளைக்கிழங்கு, உப்பு, கொழுப்பு. துருவிய கிழங்கைக் கல்லில் பரப்பி இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டு எடுக்க வேண்டும். அமெரிக்காவின் காலை உணவுக் கடைகளில் முட்டைக்குப் பக்கத்தில் தட்டில் இருப்பது இதுதான். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பூப்போலவும் இருக்க வேண்டிய பண்டம். வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் மேலே கருகி உள்ளே நறுக்கென்று பச்சையாக நிற்கும், இல்லையென்றால் மொத்தமும் பசையாகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயைக் கூட்டுவதும் தீயைக் குறைப்பதும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும், துருவலில் உள்ள தண்ணீரையும் மாவையும் கையாள்வதிலும்தான் எல்லாம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கிடைக்கிற கிழங்கையும் எங்கள் வீட்டுச் சாமான்களையும் வைத்துச் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கிழங்கு

அமெரிக்காவில் இதற்கு எடுப்பது ரஸ்ஸெட் வகை. ஐடஹோ மாநிலத்தில் ஏராளமாக விளையும், சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்ட நீளக் கிழங்கு. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள திடப்பொருளில் பெரும்பங்கு மாவுச்சத்து. ரஸ்ஸெட்டில் இந்தத் திடப்பொருள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நீர்க்கிழங்கு என்று நாம் சொல்கிற ரகங்களில் 16, 17 சதவீதம்தான். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றலாம். ஆனால் துருவலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக வரும். ஆகவே கல்லில் போகிற ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் முதலில் ஆவியாகிப் போனால்தான் மொறுமொறுப்பு ஆரம்பிக்கும். அதற்குள் உள்பக்கம் குழைந்துவிடும்.

நம் காய்கறிக் கடையில் ரஸ்ஸெட் கிடைக்காது. சிப்ஸ் தொழிலுக்காகவே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா ரகங்கள் இருக்கின்றன. சிப்சோனா 1, 1998இல் வெளியானது. திடப்பொருள் அதிகம், சர்க்கரை குறைவு, வறுக்க அருமையான கிழங்கு. உங்கள் ஊரில் சிப்ஸ் போடுகிறவர் யாராவது இருந்தால், எங்கே கிழங்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். அது நல்ல வழி. எனக்குச் சுலபமாகக் கிடைப்பது மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கும், குஜராத், கோலார் பக்கமிருந்து வரும் கிழங்கும். ஊட்டிக் கிழங்கு ருசியானது. ஆனால் பருவத்தைப் பொறுத்து மாறும். மழையில் தோண்டியதென்றால் ஈரம் அதிகம். பெயரை மட்டும் நம்பி வாங்குவதற்கில்லை.

அதனால் நான் நம்புவது உப்புத் தண்ணீர் சோதனையை. 1 லிட்டர் தண்ணீரில் 120 கிராம் கல் உப்பைப் போட்டு முழுக்கக் கரையவிட வேண்டும். மண் போகக் கழுவிய கிழங்குகளை ஒவ்வொன்றாக அதில் போட வேண்டும். வெறும் தண்ணீரில் எல்லாக் கிழங்கும் மூழ்கும். இந்த உப்புத் தண்ணீரில் மாவு அதிகமுள்ள கிழங்கு நேராக அடியில் போய் உட்காரும், நீர்க்கிழங்கு மிதக்கும். மூழ்குகிற கிழங்கில் திடப்பொருள் ஏறக்குறைய 19 சதவீதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பையிலிருந்து எடுத்த கிழங்குகளிலேயே சில மூழ்கின, சில மிதந்தன. ஒன்று நட்டுக்குத்தலாகத் தண்ணீர் நடுவில் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் நிறத்திலும் தோலிலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூழ்கியதை ஹாஷ் பிரவுனுக்கு ஒதுக்கிவிட்டு, மிதந்ததைக் குருமாவுக்கும் சாம்பாருக்கும் வைத்துக்கொண்டேன். நீர்க்கிழங்கு குழம்பில் உடையாமல் நிற்கும், அதற்கு அதுதான் நல்லது. கிழங்கை நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜும் குளிர்பதனக் கிடங்கும்

கிழங்கு சரியாக இருந்தும் சுட்ட நாலு நிமிடத்தில் கருஞ்சிவப்பாகி, கசப்பு தட்டுகிறது என்றால் காரணம் சர்க்கரை. உருளைக்கிழங்கைக் கடும் குளிரில் வைத்தால் அதிலுள்ள மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். வட இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டுகிற கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைத்து வருஷம் முழுக்க விற்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கிழங்கு. பொரியல் செய்தால் லேசாக இனிக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிப்ஸ் கம்பெனிகள் தங்கள் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

இனிப்பேறிய கிழங்கைத் தூக்கிப் போட வேண்டாம். வெளிச்சம் படாத, காற்றோட்டமான கூடையில் இரண்டு வாரம் வெளியே வைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறையும். முளை விடுகிறதா, தோலில் பச்சை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பச்சையேறிய கிழங்கு சமையலுக்கே வேண்டாம், அதில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கும். வேகவைக்காத கிழங்கை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இருந்தால், வறுக்கிற கிழங்குக்கு மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள்.

துருவுவது, அலசுவது, பிழிவது

துருவியில் பெரிய கண் உள்ள பக்கம்தான் இதற்குச் சரி. சின்னக் கண்ணில் துருவினால் கிழங்கின் செல்கள் அதிகமாக உடைந்து மாவும் தண்ணீரும் கொட்டும், பிறகு களிதான். கிழங்கைப் படுக்க வைத்து நீளவாக்கில் இழுத்தால் இழை நீளமாக வரும். நீள இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் திருப்பும்போது உடையாது.

துருவலைக் கையோடு தண்ணீரில் போட வேண்டும். வெளியே விட்டால் முதலில் இளஞ்சிவப்பாகும், அப்புறம் சாம்பல் நிறம். கிழங்கிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது. ருசி கெடாது என்றாலும் பார்க்க நன்றாயிருக்காது.

முதல் தண்ணீர் பாலாக இருக்கும். கையால் அலசி வடித்து, மறுபடி தண்ணீர் மாற்றி, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். இப்படிச் செய்யும்போது இழையின் மேல் ஒட்டியிருக்கும் மாவும், கரைகிற சர்க்கரையில் கொஞ்சமும் போய்விடும். இந்த மாவைப் போகவிடாமல் கல்லில் போட்டால், 60 டிகிரியைத் தாண்டியதுமே பசையாகி இழைகளுக்கு நடுவே நிரம்பிக்கொள்ளும். உள்ளிருந்து ஆவி வெளியே வர வழியிருக்காது. கல்லில் ஒட்டுவதும் அந்தப் பசைதான்.

அலசிய முதல் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு. விரலால் அழுத்தினால் கல்லாக எதிர்க்கும், விரலை எடுத்துப் பாத்திரத்தைச் சாய்த்தால் வழிந்து ஓடும். சுத்தமான உருளைக்கிழங்கு மாவு இதுதான். தனித்தனி வடையாகத் தட்டப் போகிறீர்கள் என்றால் அரை கிலோ துருவலுக்கு ஒரு டீஸ்பூன் அளவு இதைத் திருப்பிக் கலந்தால் பிடிமானம் கிடைக்கும், மேலோடும் நன்றாக மொறுமொறுக்கும். கல் முழுக்கப் பரப்பிச் சுடுவதென்றால் இதுவும் வேண்டாம். மாவை எல்லாம் கழுவிவிட்டு அதிலிருந்தே ஒரு ஸ்பூனைத் திருப்பிப் போடுவதற்குப் பேசாமல் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அளவு நம் கையில் இருப்பதுதான் இதில் லாபம்.

பிழிவதற்கு இட்லித் துணியைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை. பழகிய பருத்தித் துணி, இழை நெருக்கமும் சரியாக இருக்கும். துருவலை நடுவில் வைத்து, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்க வேண்டும். ஒரே மூட்டையாகக் கட்டினால் நடுவில் ஈரம் தங்கிவிடும், ஆகவே கை கொள்ளுகிற அளவில் இரண்டு மூன்று தடவையாகப் பிழிவது நல்லது. தண்ணீர் நின்றுவிட்டது என்று தோன்றும்போது மூட்டையைப் பிரித்து, துருவலை உதிர்த்துவிட்டு மறுபடி முறுக்கினால் இன்னும் வரும். தராசில் வைத்துப் பார்த்தேன். தோல் சீவிய 500 கிராம் கிழங்கு, அலசி, நன்றாகப் பிழிந்த பிறகு 390 கிராம். கை வலிக்கிற வேலைதான், ஆனால் இங்கே போகாத தண்ணீரை அப்புறம் எண்ணெய் செலவழித்துத்தான் விரட்ட வேண்டும்.

உப்பை இந்தக் கட்டத்தில் போடக் கூடாது. உப்புப் பட்டதும் இழை திரும்பவும் தண்ணீர் விட ஆரம்பிக்கும். கல்லில் பரப்பியபின் தூவினால் போதும்.

பச்சைத் துருவலின் எல்லை

இவ்வளவும் செய்தபின் பச்சைத் துருவலைச் சுட்டால் நன்றாகவே வரும், ஆனால் மெல்லிசாக இருந்தால்தான். அரை சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் ஓரமெல்லாம் பின்னல் வேலைப்பாடு மாதிரி மொறுமொறுவென்று வந்துவிடும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வெளியே சிவந்த நேரத்தில் உள்ளே வெந்திருக்காது. ஆறிவிட்டாலோ தோல் மாதிரி இழுக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பூப்போன்ற மென்மை என்ற இரண்டும் வேண்டுமானால் துருவல் கல்லுக்கு வரும் முன்பே பாதி வெந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கடைகள் பலவற்றில் உலர்த்திய துருவல் அட்டைப்பெட்டியில் வருகிறது. அதில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கல்லில் போடுகிறார்கள். தொழிற்சாலையில் அந்தத் துருவலை வேகவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். உறைபதன வில்லைகளும் அப்படித்தான், வெந்நீரில் அரைவேக்காடாக்கி, எண்ணெயில் லேசாகப் பொரித்து, அப்புறம்தான் உறைய வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ரோஸ்டியும் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே பச்சையாகத் துருவுவதா, முந்தின நாள் வேகவைத்த கிழங்கைத் துருவுவதா என்று சமையல்காரர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து கிடையாது. நான் முந்தின நாள் கட்சி.

அவசரத்துக்கு ஆவி முறை இருக்கிறது. பிழிந்த துருவலை இட்லித் தட்டில் துணி போட்டு உதிரியாகப் பரப்பி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற இட்லிப் பானையில் மூன்று நான்கு நிமிடம் வைத்து எடுக்கலாம். வெள்ளையாக இருந்த இழை கண்ணாடி மாதிரி ஆகும்போது எடுத்துவிட வேண்டும். உடனே பெரிய தாம்பாளத்தில் கொட்டி ஃபேனுக்குக் கீழே ஆறவிட்டால், சூட்டோடு ஈரமும் போகும். நல்ல பலன் கிடைக்கும். இரண்டு பேருக்கு மேல் செய்வதென்றால் இட்லித் தட்டு பத்தாது.

முந்தின இரவு வேகவைப்பது

இதற்குத் துருவலை அலச வேண்டாம், பிழிய வேண்டாம். இரவு பத்து நிமிட வேலை, காலையில் ஐந்து நிமிடம்.

ஒரே அளவான நடுத்தரக் கிழங்குகள், ஒவ்வொன்றும் 100 முதல் 120 கிராம். தோலோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்தபின்தான் சூடு உள்ளே போகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குக்கர் வேண்டவே வேண்டாம். எந்த நிலையில் இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாத பாத்திரத்தில் அரைவேக்காடு பதம் பிடிக்க முடியாது.

பதம் இதுதான்: கத்தி முனை சுலபமாக உள்ளே இறங்கி, நடுவில் போனதும் தடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளி வளையம் லேசாக மஞ்சளோடி ஈரப்பளபளப்பாக இருக்கும். நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக, மங்கலாக ஒரு வட்டம் நிற்கும். அந்த வட்டம் இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உள்சூட்டில் அது இன்னும் கொஞ்சம் வேகும். வட்டமே இல்லாமல் முழுக்க வெந்துவிட்ட கிழங்கைத் துருவ முயன்றால் துருவியில் மசிந்துதான் வரும். அதை மசாலாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே ஆறியதும் மூடாமல் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைக்க வேண்டும். பச்சைக் கிழங்குக்கு ஆகாத அதே ஃபிரிட்ஜ் வெந்த கிழங்குக்குப் பெரிய துணை. 60, 70 டிகிரியில் ஊதிப் பசையான மாவு, குளிரும்போது மறுபடி இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. பழைய சோறு பருக்கை பருக்கையாக நிற்பதற்கும் இதுவே காரணம். இறுகிய மாவு இழையை விட்டு வெளியே வராது. மூடாமல் வைப்பதால் மேல் ஈரமும் உலர்ந்துவிடும்.

காலையில் தோல் விரலாலேயே உரிந்து வரும். பெரிய கண்ணில் துருவினால் இழைகள் தனித்தனியாக விழும். கையில் அள்ளி உதிர்த்தால் உதிரும், ஒட்டாது, பச்சைத் துருவல் மாதிரி கறுக்கவும் செய்யாது. இந்தத் துருவலைக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும், இது மொறுமொறுக்கும் என்று.

கல்லில்

இதில் சொல்ல அதிகமில்லை. நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல் போதும். கொழுப்புக்கு நெய்தான் என் முதல் தேர்வு. அமெரிக்கச் சமையலில் உருக்கித் தெளியவைத்த வெண்ணெய் செய்கிற வேலையை நம் நெய் செய்யும், அதிகச் சூட்டையும் தாங்கும். ரீஃபைண்ட் கடலை எண்ணெயும் நன்றாயிருக்கும். செக்கு எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிப்பதால் இதற்கு ஏற்றதல்ல. 250 கிராம் துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய்.

நடுத்தரத் தீயில் கல் காய்ந்து, ஒரு இழையைப் போட்டதும் சடசடக்க வேண்டும். துருவலை உதிரியாக ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, தோசைத் திருப்பியால் ஒரே ஒரு முறை லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூடி போடக் கூடாது, ஆவி திரும்ப மேலேயே சொட்டும். இப்போது காதுதான் வேலை செய்ய வேண்டும். ஆரம்பத்தில் சத்தம் பலமாக இருக்கும், தண்ணீர் வெளியேறுகிற சத்தம் அது. ஐந்தாறு நிமிடத்தில் அது தணிந்து மெல்லிய பொரியும் ஒலியாக மாறும். அதற்குப் பிறகுதான் நிறம் ஏறும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்துப் பொன்னிறமாக இருந்தால் திருப்பலாம். பெரிய வட்டமாக இருந்தால் தட்டைக் கவிழ்த்துத் திருப்பி, ஓரத்தில் இன்னொரு ஸ்பூன் நெய் விட்டு மறுபக்கம் நான்கைந்து நிமிடம்.

ஒரே பையிலிருந்து எடுத்த, உப்புத் தண்ணீரில் மூழ்கிய கிழங்கை நாலு விதமாகவும் செய்து ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் சுட்டுப் பார்த்தேன். அலசாத பச்சைத் துருவல் முதலில் சிவந்து, முதலில் கருகி, உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. அலசிப் பிழிந்தது ஓரங்களில் பிரமாதம், நடுவில் இன்னும் வேக வேண்டியிருந்தது. ஆவியில் வைத்தது சீராக வெந்திருந்தது, மேலோடு கொஞ்சம் மெல்லிசு. முந்தின இரவு வேகவைத்தது நிறம் வர அதிக நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் மேலோடு கனமாக, உடைக்கும்போது சத்தம் கேட்கிற அளவுக்கு வந்தது, உள்ளே பொலபொலவென்று இருந்தது. தட்டில் வைத்துக் கால் மணி நேரம் கழித்தும் அந்த ஒன்றுதான் மொறுமொறுப்பாக இருந்தது.

வெங்காயம் போடலாமா என்றால், போடலாம். ஆனால் பச்சையாகக் கலந்தால் அதன் தண்ணீர் எல்லா வேலையையும் கெடுத்துவிடும். தனியாக வதக்கி ஈரம் வற்றியபின் கலக்குங்கள். பச்சைமிளகாய், கறிவேப்பிலைக்கும் தடையில்லை. முதல் தடவை மட்டும் வெறும் உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், நல்ல கிழங்கின் வாசனை அதில்தான் தெரியும்.

அரைவேக்காட்டுக் கிழங்கு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வைப்பதென்றால் துருவி, ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு மாவு கலந்து வில்லைகளாகத் தட்டி, தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி உறையவைத்து, அப்புறம் டப்பாவுக்கு மாற்றலாம். சுடும்போது ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்குப் போக வேண்டும். வெளியே வைத்து இளகவிட்டால், ஐஸ் உடைத்த செல்களிலிருந்து தண்ணீர் கசிந்து வில்லை கையிலேயே தொளதொளத்துவிடும்.